தரையைத் தொடும் இடமே வேலை நடக்கும் இடம்

வாக்குவம் கிளீனர் விற்கவும் பழுதுபார்க்கவும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் அதைக் கையில் பிடித்து நாள் முழுக்க உழைக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கும். அவர் கேட்க வேண்டியது, "என் வீட்டுத் தரைக்கு எந்த பிரஷ்?" என்பது. மோட்டார் காற்றை இழுத்துக் கொடுக்கிறது. அந்தக் காற்றைத் தூசியின்மேல் பாய்ச்சி வேலை வாங்குவது தரையில் உரசிப்போகும் முனை. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு பிடிபட்டால் தொழிலில் பாதி கைவந்துவிடும். மீதிப் பாதி கவனமும் நேர்மையும். வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாட் என்பது செலவுக் கணக்கு

பெட்டிமேல் 1,400 வாட் என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் வாங்கும் என்றுதான் அதற்குப் பொருள். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அந்த மின்சாரத்தில் எவ்வளவு தரையில் வேலையாகிறது என்பதை அந்த எண் சொல்லாது. சுருள் சூடாவதில் கொஞ்சம் போகும், கார்பன் பிரஷ் உராய்வில் கொஞ்சம் போகும், விசிறி இதழ்களுக்குள் காற்று வீணாகச் சுழல்வதில் கொஞ்சம் போகும், சத்தமாகவும் கொஞ்சம் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் 1 முதல் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டுக் கருவிகளைச் சந்தைக்கு விடக் கூடாது என்று விதித்தது. 2017 செப்டம்பர் 1 முதல் அந்த வரம்பு 900 வாட்டாக இறங்கியது. முதல் விதி வருவதற்கு முந்தைய வாரங்களில், இனி நல்ல கருவியே கிடைக்காது என்று பயந்து பிரிட்டனில் பெரிய வாட் கருவிகளை முந்திக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் அந்த விதி வாட்டைக் குறைத்ததோடு நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டுக் கட்டத்தில், கம்பளத்தில் இட்ட சோதனைத் தூசியில் 75 சதவீதமாவது எடுக்க வேண்டும், கெட்டித் தரையின் இடுக்கில் இட்டதில் 98 சதவீதமாவது எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. தயாரிப்பாளர்கள் விசிறியைத் திருத்தினார்கள், காற்று போகும் வழியைச் சீராக்கினார்கள், முனைகளைப் புதிதாக வடிவமைத்தார்கள். குறைந்த வாட்டிலேயே அந்த அளவை எட்டினார்கள். வாட்டை மட்டும் காட்டி யாராவது விலை பேசினால் இந்த வரலாற்றை நினைவில் வையுங்கள்.

2. இழுவிசை வேறு, காற்றோட்டம் வேறு

இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, அதன் நுனியை வழுக்கைத் தேங்காய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கன்னம் ஒட்டும்வரை இழுத்தாலும் நீர் வராது. இழுவிசை உச்சத்தில் இருக்கிறது, ஓட்டம் இல்லை. வாக்குவம் கிளீனரிலும் அப்படியே. வாயை முழுதும் அடைத்தால் இழுவிசை மிக அதிகம், காற்றோட்டம் பூஜ்யம். வாயைத் திறந்துவிட்டால் காற்றோட்டம் மிக அதிகம், இழுவிசை ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு ஓரத்திலும் உருப்படியான வேலை நடக்காது.

வேலை நடப்பது இரண்டும் சேர்ந்திருக்கும் நடுப்பகுதியில். அதை அளக்க ஏர் வாட் என்ற அளவு இருக்கிறது. இழுவிசையையும் காற்றோட்டத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரு கருவி, வாயை அடைத்தால் 20 கிலோபாஸ்கல் இழுவிசை காட்டுகிறது, திறந்துவிட்டால் நொடிக்கு 36 லிட்டர் காற்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அது சுமார் 10 கிலோபாஸ்கலும் 18 லிட்டருமாக இருக்கும். பெருக்கினால் 180 ஏர் வாட். ஆயிரம் வாட்டுக்கு மேல் மின்சாரம் வாங்கும் கருவி காற்றில் சேர்ப்பது இவ்வளவுதான். இரண்டு கருவிகளை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் இந்த எண்ணைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் முனையைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

3. எடை தூக்கிக் காட்டும் வித்தையில் மயங்காதீர்கள்

ஒரு வட்டக் குவளையை ஹோஸில் மாட்டி, தரையில் இருக்கும் கனமான பொருளைத் தூக்கிக் காட்டும் டெமோவைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள குவளைக்குள் 20 கிலோபாஸ்கல் இழுவிசை இருந்தால் 60 கிலோவுக்கு மேல் தூக்கலாம். அதே கருவியின் 35 மி.மீ. பைப் வாயை நேராக வைத்தால் சுமார் 2 கிலோதான் தூக்கும். மோட்டார் மாறவில்லை, பரப்பளவுதான் மாறியது. அந்த வித்தையில் காற்று ஓடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். காற்று ஓடாத இடத்தில் தூசி நகராது. உங்கள் டெமோ தூசியை வைத்தே நடக்கட்டும்.

4. இழுப்பு தூரத்துக்கு எட்டாது

ஊதும் காற்று நீளமாகப் போகும். இழுக்கும் காற்று அப்படிப் போகாது. வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று ஓடி வருவதால், அந்த வாயின் விட்டமளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய மோட்டார் போட்டாலும் இந்த விகிதம் மாறாது. முனையைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு வேலை ஆகாததற்கு இதுவே காரணம்.

முனையின் வேலை, வரும் காற்று முழுவதையும் தரையை ஒட்டிய குறுகலான இடைவெளி வழியாக வரச் செய்வது. குறுகிய வழியில் அதே காற்று வேகமாக ஓடும், அந்த வேகம்தான் மணலை நகர்த்தும். நொடிக்கு 25 லிட்டர் காற்று, 28 செ.மீ. அகலமும் 9 மி.மீ. இடைவெளியும் உள்ள முனை வழியாக நுழைந்தால் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். ஓரம் தேய்ந்தோ, சக்கரம் உயர்ந்தோ அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் வேகம் பாதியாகிவிடும். மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டு கருவி சர்வீஸுக்கு வந்தால் முதலில் முனையைத் திருப்பி, அதன் ஓரத்தையும் சக்கரத்தையும் பாருங்கள்.

5. அகலமான முனை சீக்கிரம் முடிக்கும் என்று நம்பாதீர்கள்

மேலே சொன்ன கணக்கின் தொடர்ச்சி இது. சிறிய மோட்டாருக்கு 45 செ.மீ. முனையை மாட்டினால் காற்று அகலத்தில் பரவி வேகம் இழக்கும். ஒரு முறை இழுத்துப் போக வேண்டிய இடத்தில் மூன்று முறை இழுக்க நேரும். பெரிய ஹாலுக்கு அகல முனை வேண்டுமென்றால் அதற்கு ஈடான காற்றோட்டமுள்ள தொழில்முறைக் கருவியாகப் பாருங்கள். சிறிய கருவிக்குச் சிறிய முனையே பொருத்தம். ஓட்டல் வராந்தாவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது முக்கியம், ஏனென்றால் வீணாகும் ஒவ்வோர் இழுப்பும் உங்கள் தோளில்தான் இறங்குகிறது.

6. கருவியைத் திறப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் கெட்டித் தரைதான். டைல்ஸ், மொசைக், கிரானைட், பழைய வீடுகளில் சிவப்பு காவித்தரை, செட்டிநாட்டுப் பக்கம் ஆத்தங்குடிக் கல். கம்பளம் இருப்பது அலுவலகம், ஓட்டல், சினிமா தியேட்டர், பள்ளிவாசல் போன்ற இடங்களில். வீட்டில் கம்பளத்துக்கு ஈடாக நிற்பவை மெத்தை, சோபா, கார் சீட் ஆகியவை.

பல கருவிகளோடு வரும் ஃப்ளோர் பிரஷ்ஷில் காலால் அழுத்தும் பெடல் ஒன்று இருக்கும். கெட்டித் தரையில் பிரஷ் இழைகள் வெளியே இறங்கியிருக்க வேண்டும். அவை தூசியைக் கிளறிவிடும், தரையில் கீறல் விழாமல் காக்கும், காற்று வருவதற்கு அளவான இடைவெளியும் கொடுக்கும். கம்பளத்தில் இழைகள் உள்ளே போய், வழுவழுப்பான அடித்தகடு நேராகக் கம்பளத்தின்மேல் அமர வேண்டும். இந்த ஒரு பெடலைப் பற்றித் தெரியாமலே வருடக்கணக்கில் கருவியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் ஏராளம். டெலிவரி கொடுக்கப் போகும்போது வீட்டில் கருவியை யார் ஓட்டப்போகிறாரோ அவரை அழைத்து, அவர் காலாலேயே பெடலை அழுத்திப் பழக வையுங்கள். வேலைக்கு வரும் அம்மாதான் ஓட்டுவார் என்றால் அவர் வரும் நேரத்துக்குப் போங்கள்.

7. கம்பளத்தைக் காற்றால் மட்டும் சுத்தம் செய்ய முடியாது

கம்பளத்தில் மேலே கிடக்கும் குப்பை எளிதாக வந்துவிடும். கம்பளத்தை அழிப்பது அடியில் இறங்கிய மணல்தான். ஒவ்வொரு காலடியிலும் அது இழைகளின் வேரை அறுக்கும். இழைகளுக்கு நடுவில் சிக்கிய மணலைக் காற்று தொடுவதற்கு முன் யாராவது அதை அசைத்துவிட வேண்டும்.

இதைத் தொழிலின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த கருவி குதிரை வண்டியில் வந்தது. தெருவில் நின்றபடி நீண்ட ஹோஸ்களை வீட்டுக்குள் விட்டு, எஞ்சின் பலத்தால் தூசியை இழுத்தது. முழுக்க முழுக்க இழுப்பு. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் ஊரில், ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர் வேறு வழியில் யோசித்தார். ஆஸ்துமாவால் தூசியைத் தாங்க முடியாமல், விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கையில் பிடித்து ஓட்டும் கருவி செய்தார். அதில் சுழலும் பிரஷ் ஒன்றும் வைத்தார். 1908இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் ஹூவர் நிறுவனம். எஞ்சின் பூட்டிய வண்டியோடு ஒப்பிட்டால் அந்த மோட்டார் மிகச் சிறியது. சுழலும் பிரஷ் மணலை அசைத்துக் கொடுத்ததால் அந்தச் சிறிய மோட்டாரே போதுமானது. நம் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவர் தன் உடம்பின் தொல்லையிலிருந்து கண்டெடுத்த தீர்வு இது. அதை மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

8. சுழலும் பிரஷ்ஷில் இரண்டு ஜாதி உண்டு

ஒன்று டர்போ பிரஷ். அதற்குத் தனி மோட்டார் கிடையாது, உள்ளே வரும் காற்றே சிறு சக்கரத்தைச் சுழற்றி பிரஷ்ஷை ஓட்டும். விலை குறைவு, மின்கம்பி தேவையில்லை. ஆனால் காற்றின் பலத்தில் ஒரு பங்கை அது தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. பை நிறைந்து காற்றோட்டம் குறைந்தால் பிரஷ்ஷும் சோர்ந்துவிடும். கனமான கம்பளத்தில் சில நேரம் நின்றேவிடும்.

மற்றொன்று தனி மோட்டார் வைத்த பவர் பிரஷ். காற்று குறைந்தாலும் அதன் சுழற்சி குறையாது. அலுவலகக் கம்பளம் நிறைய உள்ள இடத்துக்கு இதையே சொல்லுங்கள். மெத்தைக்கும் சோபாவுக்கும் சிறிய டர்போ முனை போதும். எந்த முனையானாலும் பிரஷ் இழைகளின் நுனி கம்பளத்தைத் தொட்டுக் கிளறும் உயரத்தில் இருக்க வேண்டும். மேலே நின்றால் வேலையாகாது, ஆழமாக இறங்கினால் பெல்ட் சூடாகி அறுந்துபோகும்.

9. கெட்டித் தரையில் முரட்டு பிரஷ் ஓட்டாதீர்கள்

கம்பளத்துக்கான விறைப்பான இழைகள் டைல்ஸில் சுழன்றால், சிந்திய அரிசியையும் துவரம் பருப்பையும் அறை முழுக்கத் தெறிக்கவிடும். காவித்தரையின் மெருகையும் மரத்தரையின் வார்னிஷையும் கெடுக்கும். கெட்டித் தரைக்குச் சுழற்சியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், அல்லது மெத்தென்ற துணி போன்ற ரோலர் உள்ள முனையை மாட்டுங்கள். அந்த ரோலர் தரையை ஒற்றியபடி போவதால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூசியும் வந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில முனைகள் தரையோடு மிக நெருங்கி அமரும், மெல்லிய தூசியை நன்றாக எடுக்கும். ஆனால் பருப்பு போன்ற பெரிய குப்பையை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். முன்பக்கத்தில் திறப்பு விட்ட முனைகளில் இந்தத் தொல்லை இல்லை. சமையலறைக்கு அப்படிப்பட்டது நல்லது. டைல்ஸ் இணைப்புகளில் தங்கும் மண்ணுக்கோ ஒடுங்கிய இடுக்கு முனைதான் சரி. ஒரே முனை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

10. தரையில் ஒட்டிக்கொள்ளும் முனையைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள்

கம்பளத்தில் முனை அட்டை போல் ஒட்டி நகர மறுத்தால், "என்ன பவர் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். ஒட்டிக்கொண்ட முனைக்குள் காற்று நுழைய வழியில்லை, ஆகவே தூசி வரவும் வழியில்லை. ஓட்டுகிறவருக்குக் கைவலி மட்டும் மிஞ்சும். கைப்பிடியில் சிறிய நகரும் மூடி ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் திறந்தால் பிடி தளரும். வேகக் கட்டுப்பாடு இருந்தால் குறைத்து வையுங்கள். திரைச்சீலைக்கும் மெல்லிய விரிப்புக்கும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும், இழுவிசை கால்பங்காகும், விசிறிக்குத் தேவையான ஆற்றல் எட்டில் ஒன்றாகும். இந்த மூன்று விகிதங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

11. மோட்டாரின் குரலைக் கேட்கப் பழகுங்கள்

ஹோஸை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். மோட்டார் கீச்சென்று குரல் உயர்த்தும். அது திணறுகிறது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆம்பியர் மீட்டரை வைத்து அளந்தால் மின்சாரம் குறைந்திருக்கும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து, வேகம் ஏறியிருக்கிறது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் கருவி திடீரெனக் குரல் உயர்ந்தால் எங்கோ அடைப்பு என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டு உபயோகக் கருவிகள் பலவற்றில் இழுத்த காற்றே மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. அடைப்போடு ஓட்டினால் மோட்டார் சூடேறி, கட்-அவுட் விழுந்து நிற்கும். அது ஆறியதும் மறுபடி ஓடும் என்பதற்காக வாடிக்கையாளரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முனை, பைப், ஹோஸ் வளைவு, பை, பில்டர் என்று வரிசையாகப் பிரித்து அடைப்பைத் தேடுங்கள். குரல் தாழ்ந்து, கரகரத்து, கருகல் வாடை வந்தால் அது வேறு கதை. அப்போது பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் ஆர்மேச்சரையும் பாருங்கள்.

12. பை, பில்டர், உருளை: மூன்றையும் மறக்கவிடாதீர்கள்

நல்ல மோட்டாரையும் நல்ல முனையையும் ஒருசேர வீணாக்குவது அடைத்த பில்டர். விபூதி, கோலமாவு, சுண்ணாம்புத் தூள், கட்டட வேலைக்குப் பின் படியும் சிமென்ட் ஆகியவை மிக நுண்ணிய துகள்கள். பை கால்வாசிகூட நிறையாமலே அவை அதன் துளைகளை அடைத்துவிடும். "பை காலியாத்தானே இருக்கு, ஏன் இழுக்கல?" என்று கேட்பவருக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். கட்டடத் தூசிக்கு வீட்டுக் கருவியைக் கொடுக்கவே கூடாது.

ஹெப்பா பில்டர், 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் தரத்துக்கு இருக்க வேண்டும். ஆனால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாக அமராவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்து, தூசி மறுபடி அறைக்குள்ளேயே வரும். ஆஸ்துமா உள்ள வீடுகளில் இதைத் தவறாமல் சோதியுங்கள். கழுவக்கூடிய பில்டரை ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாக அப்பிக்கொள்ளும், நாற்றமும் வரும்.

சுழலும் உருளையில் நம் வீடுகளில் நீளமுடி, பூக்கட்டிய நார், புடவை நூல் எல்லாம் சுற்றும். இரு முனையிலும் உள்ள பேரிங்குக்குள் முடி புகுந்தால் உருளை இறுகி, பெல்ட் உருகிவிடும். வாரம் ஒரு முறை கத்தரியால் நீளவாக்கில் வெட்டி எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். சக்கரத்தில் சிறு கல் ஒன்று ஒட்டியிருந்தாலும் கிரானைட்டில் கோடு விழும், அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

உலர் கருவியால் தண்ணீரை இழுக்கக் கூடாது. ஊதுவத்திச் சாம்பலில் கனல் இருந்தால் பை பற்றிக்கொள்ளும். பிரிண்டர் டோனர் தூளைச் சாதாரண பில்டர் தாங்காது. 1,400 வாட் கருவி 230 வோல்டில் 6 ஆம்பியருக்கு மேல் வாங்கும், ஆகவே மெலிந்த வயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருக அனுமதிக்காதீர்கள்.

13. சிறிய கருவிகளிடமிருந்து பாடம் கற்றுக்கொள்ளுங்கள்

பேட்டரியில் ஓடும் கைக்கருவிகளும் தரையில் தானாக ஊர்ந்து போகும் ரோபோக்களும் இப்போது நிறைய விற்கின்றன. 2,500 பாஸ்கல் இழுவிசை என்று ரோபோவின் பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கணக்கில் அது 2.5 கிலோபாஸ்கல், நாம் மேலே பார்த்த 20 கிலோபாஸ்கல் கருவியில் எட்டில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் டைல்ஸ் தரையில் அது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பிரஷ் தரையை ஒட்டி இருக்கிறது, காற்று வழி மிகக் குறுகியது, நீண்ட ஹோஸில் காற்று பலமிழப்பதில்லை, மெதுவாக ஊர்கிறது, தினமும் ஓடுகிறது. கனமான கம்பளத்தில் விட்டால் அதன் எல்லை தெரிந்துவிடும்.

கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வைத்த நல்ல கைக்கருவிகள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகின்றன. அவற்றில் உச்ச வேகத்தை வைத்தால் பேட்டரி சில நிமிடங்களே தாங்கும். ஆகவே விளம்பரத்தில் உள்ள இழுவை எண்ணும் ஓடும் நேரமும் ஒரே சமயத்தில் கிடைக்காது என்பதை வாங்குபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

14. மெதுவாக இழுங்கள், கேட்டு விற்பனை செய்யுங்கள்

ஆய்வகச் சோதனைகளில் முனையை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் நகர்த்துகிறார்கள். நம் கைகள் பெரும்பாலும் அதைவிட வேகமாகப் போகும், துடைப்பம் பிடித்த பழக்கம். முனை ஓர் இடத்தில் தங்கும் நேரத்தில்தான் காற்று தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டுச் செல்லட்டும். கம்பளத்தில் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை ஓட்டுங்கள்.

விற்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: தரை என்ன தரை? கம்பளமோ மெத்தையோ எவ்வளவு? வீட்டில் ஆஸ்துமாவோ செல்லப் பிராணியோ உண்டா? கருவியை யார் தூக்கி ஓட்டப்போகிறார்? பதில்களைக் கேட்டால் பல வீடுகளுக்கு நடுத்தர மோட்டாரும் சரியான இரண்டு முனைகளும் போதும் என்று உங்களுக்கே தெரியும். அதையே சொல்லுங்கள். கமிஷன் கொஞ்சம் குறையலாம். முதுகு வளைந்து வேலை செய்யும் ஒருவருக்குத் தேவையில்லாத பளுவைத் தலையில் கட்டிச் சம்பாதிக்கும் பணத்தைவிட அது மேலானது.

கடைசியாக ஒரு பயிற்சி கொடுக்கிறேன். 50 கிராம் மணலை எடை போட்டு, ஒரு சதுர மீட்டர் டைல்ஸிலும் அதே அளவு கம்பளத்திலும் தனித்தனியாகத் தூவுங்கள். ஒரே கருவி, ஒரே வேகம், முனையை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பையை முன்னும் பின்னும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு முனையை மாற்றாமல், வேறு மோட்டாரோடு அதையே செய்து பாருங்கள். எந்த மாற்றம் எடையை அதிகம் கூட்டியது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அடுத்த முறை ஒருவர் வந்து "எத்தனை வாட்?" என்று கேட்டால், அந்த நோட்டை விரித்துக் காட்டி, அவர் வீட்டுத் தரையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குங்கள்.